ஒடீலின் இடது கால்

ஒடீலின் சுட்டுவிரலில் வெள்ளைப் பிளாஸ்டர் சுற்றியிருந்தது. அந்த விரல் மேசைக்கு மேலாக நீண்டு வந்து, என் தாளின் வலது ஓரத்தில் இருந்த எட்டாவது நிரலின் மேல் நின்றது.

"இது என்ன?"

கூடைப்பந்து ஆட்டம் முடிந்து அரை மணி நேரம் ஆகியிருந்தது. பார்க்க வந்தவர்கள் போய்விட்டார்கள். துப்புரவு செய்பவர் மண்டபத்தின் மறு கோடியில் நீளத் துடைப்பத்தைத் தள்ளிக்கொண்டு நடந்தார். ஈரச் சப்பாத்து, ஆறிப்போன கோப்பி, தசைவலிக் களிம்பு, மூன்றும் கலந்த மணம். அந்தக் குளிர்காலம் முழுவதும் எனக்கு ஹோர்சன்ஸ் என்ற அந்த டேனிஷ் ஊர் என்றால் அந்த மணம்தான்.

"கால்," என்றேன்.

"என்ன கால்?"

"நீர் குதிச்சு இறங்கேக்கை எந்தக் கால் முதல் படுகுது எண்டு."

நாங்கள் இருவரும் பேசியது உடைந்த டேனிஷ். அதை நம் தமிழில் எழுதுகிறேன். இருவரின் பிழைகளையும் அப்படியே எழுதினால் இதழில் இடம் போதாது.

அது பருவம் முழுவதற்குமான தொகுப்புத் தாள். ஒவ்வொரு வரியும் ஓர் ஆட்டம். எட்டாவது நிரலில் இடது காலுக்கு ஒரு கோடு, வலது காலுக்கு ஒரு புள்ளி. மேல் வரிகளில் கோடும் புள்ளியும் கலந்து கிடந்தன. கீழே வர வரக் கோடுகள் குறைந்தன. கடைசி மூன்று வரிகளில் புள்ளிகள் மட்டுமே.

அவளுடைய விரல் மெல்ல இறங்கிக் கடைசி வரியில் நின்றது. அப்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இத்தனை வருடங்களுக்குப் பிறகு அதை மாற்றி எழுத விருப்பமில்லை.

பந்தோடு நின்றவள்

கூடைப்பந்து மண்டபத்துக்கு நான் போய்ச் சேர்ந்ததற்கு மொழிப்பள்ளி ஆசிரியை காரணம். வகுப்பறையில் இருந்து மட்டும் டேனிஷ் வராது, ஏதாவது ஒரு சங்கத்தில் சேருங்கள் என்று சொல்லி, ஊரிலிருந்த சங்கங்களின் பெயர்களைக் கரும்பலகையில் எழுதிப்போட்டார். வகுப்பிலிருந்த நம் பெடியன்கள் உதைபந்தாட்டத்துக்கும் பட்மின்டனுக்கும் போனார்கள். நான் கூடைப்பந்தைத் தெரிந்தெடுத்தேன்.

யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட வலைப்பந்து அணியில் ஐந்து வருடம் இருந்தவள் நான். கோல் போடுகிற இடம் என்னுடையது. வளையத்துக்குப் பின்னால் ஒரு பலகையைப் பூட்டினால் அதுதான் கூடைப்பந்து என்று நினைத்துக்கொண்டு போனேன்.

முதல் மாலையில் நான் செய்த பிழைகள்:

ஒன்று. பந்து கைக்கு வந்ததும் நின்றேன். வலைப்பந்தில் பந்தோடு ஓடக் கூடாது. என்னிடம் பந்து வந்தபோதெல்லாம் ஆட்டமே ஒரு நொடி நின்று, பிறகு யாரோ என் கையிலிருந்து அதைப் பறித்துக்கொண்டு போனார்கள்.

இரண்டு. எதிராளிக்கு மூன்றடி தள்ளி நின்று கையை உயர்த்தினேன். எங்களுக்கு அதுதான் சட்டம். அந்த மூன்றடிக்குள்ளால் எல்லோரும் போய் வந்தார்கள்.

மூன்று. நடுக்கோட்டைத் தாண்டவில்லை. கோல் போடுகிறவளுக்கு அங்கே வேலையில்லை. எல்லோரும் மறுபக்கம் ஓடிய பிறகு, வளையத்தின் கீழ் நான் மட்டும் மரியாதையாகக் காத்து நின்றேன்.

பயிற்சியாளர் ஓலெ விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்திவிட்டு என்னிடம் வந்தார். பகலில் தபால்காரர், நீளக் கால், மெல்லிய குரல்.

"சுகமில்லையோ?" என்று கேட்டார்.

மூன்று மாலைகள் இப்படி. நாலாம் மாலை நான் என் பிழைகளைக் குறித்து வைத்திருந்த கொப்பியைப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "நீர் நல்ல வடிவா எழுதுறீர். ஆட்டங்களிலை புள்ளி எழுதுற மேசையிலை இருக்கிறீரோ?"

ஓம் என்றேன். வீட்டுக்கு வரும் வழியில், சைக்கிளை நிறுத்தாமலே அழுதேன். முகத்தில் காற்று அடித்ததால் யாருக்கும் தெரியாது.

இரண்டு பட்டியல்கள்

ஒடீல் வந்ததும் அதே இலையுதிர் காலத்தில்தான். எனக்கு ஆறு வாரம் பிந்தி. சங்கத்தின் பெண்கள் அணிக்கு முதல் முறையாகச் சம்பளம் கொடுத்து வெளிநாட்டிலிருந்து எடுத்த ஆள். முப்பத்தொரு வயது, ஆறடிக்குக் கொஞ்சம் குறைவு, கட்டையாக வெட்டிய தலைமயிர். பன்னிரண்டாம் இலக்கச் சட்டை.

அவளுக்குக் கிடைத்தவை: ரயில் நிலையத்துக்கு அருகில் இரண்டு அறை வீடு. மண்டபத்துச் சாவி. முன்னால் கூடை வைத்த புதுச் சைக்கிள். ஊர்ப் பத்திரிகையில் அரைப்பக்கப் படம்.

எனக்குக் கிடைத்தவை: அண்ணையின் வீட்டில் தையல் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு கட்டில். யாரோ கொடுத்த சைக்கிள், அதுவும் குறுக்குக் கம்பி போட்ட ஆண்களின் சைக்கிள். மொழிப்பள்ளி நேர அட்டவணை. மேசை.

பட்டியல் போட்டால் எனக்கு மனம் ஆறும். சின்ன வயதிலிருந்தே அப்படி. இந்தப் பட்டியல் மட்டும் ஆறவிடவில்லை.

இதில் சேர்க்க முடியாத ஒன்றும் இருந்தது. ஒரு நாள் பேக்கரியில் எனக்கு முன்னால் அவள் நின்றாள். ரொட்டியின் பெயரைப் பிழையாகச் சொன்னாள். கடைக்காரி வாய்விட்டுச் சிரித்து, அவள் சொன்னதைத் தானும் ஒருமுறை சொல்லிப் பார்த்து, மேலதிகமாக ஒரு பணிஸும் பையில் போட்டாள். அடுத்தது நான். நான் பெயரைச் சரியாகத்தான் சொன்னேன். கடைக்காரி "என்ன?" என்று உரத்துக் கேட்டாள், காது கேட்காத ஆளிடம் கேட்பதுபோல.

அன்றைக்கு அந்த ரொட்டியை நான் சாப்பிடவில்லை. அண்ணி சாப்பிட்டுவிட்டு நல்ல ருசி என்றா.

அவள் போன ஊர்கள்

ஒடீலின் விளையாட்டு வாழ்க்கையைச் சங்கம் ஒரு துண்டுப் பிரசுரமாக அச்சிட்டு வாசலில் கொடுத்தது. நான் அதை என் கொப்பியில் நிரல் பிரித்துப் பிரதிசெய்தேன். விடுபட்ட இடங்களைப் பிறகு அவளிடமே கேட்டு நிரப்பினேன்.

வடபிரான்சில் ஒரு நிலக்கரிச் சுரங்க ஊர். பதினொரு வயதில், தேவாலயத்துப் பிள்ளைகளுக்கான சங்கத்தில் பாதிரியார் கையில் கொடுத்த பந்து. பதினேழில் பெரிய நகரம், இரண்டாம் பிரிவு. அங்கேயிருந்து கடற்கரை நகரம் ஒன்றில் முதலாம் பிரிவு. நாலு பருவங்கள், நல்ல காலம் அதுதான். தேசிய அணித் தெரிவு முகாமுக்கு ஒரே ஒரு முறை அழைப்பு. கடைசி நாள் காலை சுவரில் ஒட்டிய பட்டியலில் அவளுடைய பெயர் இல்லை. பிறகு மலையடிவார நகரம். அங்கே இடது முழங்காலில் சத்திரசிகிச்சை, ஒரு பருவம் ஓய்வு. பிறகு டென்மார்க்.

"அங்கையிருந்து ஏன் வெளிக்கிட்டீர்?" என்று ஒவ்வொரு ஊருக்கும் கேட்டேன். அதற்கும் ஒரு நிரல் வைத்திருந்தேன்.

"ஒப்பந்தம் முடிஞ்சுது. போட்டு வாறன் எண்டு சொன்னனான். கேக் வெட்டினவை."

எல்லா ஊருக்கும் ஏறக்குறைய இதே பதில். ஓர் ஊரில் கேக், இன்னோர் ஊரில் வைன்.

அந்த நிரலைத்தான் நான் அடிக்கடி திறந்து பார்த்தேன். தொழில்நுட்பக் கல்லூரியில் பொறியியல் வரைகலை படித்து முடித்து, எட்டு மாதம் ஒரு வரைபட அலுவலகத்தில் வேலை செய்தவள் நான். கடைசி நாள் அது கடைசி நாள் என்று எனக்குத் தெரியாது. பாதி வரைந்த பம்பு மூடி ஒன்று வரைபலகையில் குண்டூசியோடு இருந்தது. நாளைக்கு முடிக்கலாம் என்று பேனையைக் கழுவி வைத்துவிட்டு வந்தேன். அடுத்த நாள் சண்டையால் வீதி திறக்கவில்லை. அதற்கடுத்த மாதம் நான் நாட்டிலேயே இல்லை. போட்டு வாறன் என்று சொல்ல ஒருவரும் இருக்கவில்லை.

ஒருவரும் கேட்காத நிரல்

மேசையில் இருப்பவள் எழுத வேண்டியது புள்ளிகளும் தவறுகளும்தான். ஓலெ தன் பயிற்சிக்காக இன்னும் சில கேட்டார்: எந்தப் பக்கத்திலிருந்து எறிந்தது, எத்தனை விழுந்தது, பலகையில் பட்டுத் திரும்பியதை யார் பிடித்தது. எல்லாம் சேர்ந்து ஏழு. ஒவ்வொரு ஆட்டக்காரிக்கும் நான் ஏழு நிரல் கீறினேன்.

எட்டாவது நிரல் ஒடீலுக்கு மட்டும்.

கல்லூரியில் எங்களுக்குத் தேய்ந்த பாகங்களைக் கையில் தந்து வரையச் சொல்வார்கள். ஓர் அச்சு ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தால், பாரம் எங்கே கோணலாக விழுகிறது என்று அதிலிருந்து சொல்லிவிடலாம். மூன்றாவதோ நாலாவதோ ஆட்டத்தில் ஒடீல் குதித்து இறங்கிய விதத்தில் எனக்கு அந்த அச்சு ஞாபகம் வந்தது. இடது கால் தரையைத் தொடும் கடைசிக் கணத்தில் வலது கால் முந்திக்கொண்டு வந்தது. வேறு யாரும் கவனிக்கவில்லை. அவர்கள் பந்தைப் பார்த்தார்கள். நான் அவளை மட்டும்தான் பார்த்தேன். விரும்பிப் பார்ப்பவர்கள்கூட இவ்வளவு உன்னிப்பாகப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அன்றிரவே கொப்பியில் இன்னொரு கோடு கீறி நிரல் சேர்த்தேன். அதன் பிறகு ஆட்டம் பார்ப்பது எனக்குப் பிடித்துப்போயிற்று.

விபோர்க் நகரத்தில் ஓர் ஆட்டம். அங்கே இருந்த ஒரு தமிழ்க் குடும்பத்துக்கு அண்ணை சொல்லி வைத்திருந்தார் போலிருக்கிறது. தகப்பன், தாய், மூன்று பிள்ளைகள், கையில் ஒரு பெட்டி மீன் கட்லட். முன்வரிசையில் வந்து இருந்து, இடைவேளையில் என் மேசைக்கு வந்தார்கள்.

"எங்கட பிள்ளை மேசையிலை இருக்கிறா எண்டு கேள்விப்பட்டு வந்தனாங்கள்," என்றார் தகப்பன். எனக்கு முகம் மலர்ந்தது. அவர் கமராவை உறையிலிருந்து எடுத்தார்.

"தங்கச்சி, அந்தப் பிரெஞ்சுக்காரியோடை நாங்கள் ஒரு படம் எடுக்கேலுமோ? நீர்தான் எடுத்துத் தரவேணும்."

எடுத்துக் கொடுத்தேன். ஐந்து பேரும் அவளுடைய தோளுக்குக் கீழே நின்று சிரித்தார்கள். அந்த ஆட்டத்தில் அவளுக்கு எட்டாவது நிரலில் ஒரே ஒரு கோடு.

அண்ணி கேட்டது

மாசி மாதத்தில் ஓலெ சொன்னார்: "வாற திங்கள் பின்னேரம் நிர்வாகக் குழு கூடுது. ஒடீலை அடுத்த பருவத்துக்கும் வைச்சிருக்கிறதோ எண்டு முடிவெடுக்கவேணும். உம்மட தாளுகளை ஒரு தொகுப்பாக்கித் தாரும்."

ஏழு நிரல்களின்படி பார்த்தால் அவளை விடவே முடியாது. அணியின் பாதிப் புள்ளிகள் அவளுடையவை. எட்டாவதையும் சேர்த்துப் பார்த்தால் அவள் அடுத்த பருவத்தைத் தாண்ட மாட்டாள் என்பது யாருக்கும் விளங்கும்.

வேலைப் பயிற்சிக்குப் போன இடத்தில் ஒரு தாள் டிரேசிங் பேப்பர் தந்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை சமையலறை மேசையில் அதை விரித்து, மையால் நிரல்களைக் கீறினேன். எட்டு. பருவத்தின் கடைசி ஆட்டத்துக்கு முந்திய ஆட்டம் அடுத்த நாள். அதற்கு மட்டும் ஒரு வரி காலி.

அண்ணி பக்கத்தில் நின்று லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தா.

"உது என்ன கடைசியிலை?"

"கால் கணக்கு."

"அவர் ஓலெ கேட்டவரோ?"

"இல்லை."

"பிறகேன் போடுறாய்?"

"கண்டதைத்தானே அண்ணி எழுதிறன். பொய்யில்லையே."

"பொய்யெண்டு நான் சொன்னனானே?" அண்ணி கத்தியால் லீக்ஸை ஒதுக்கிச் சட்டிக்குள் தள்ளினா. "ஓலெயின்ரை தொப்பை வளருறதும் உண்மைதான். அதுக்கு நீ நிரல் கீறேல்லையே."

மை காய ஊதினேன்.

"உனக்கு அவளிலை எரிச்சல்," என்றா அண்ணி. "அதை உன்ரை வடிவான கையெழுத்திலை எழுதி வைச்சிருக்கிறாய். அவ்வளவுதான்."

பலகை இல்லாமல்

அடுத்த நாள்தான் அந்தப் பிளாஸ்டர் விரல் என் நிரலின் கடைசி வரியில் வந்து நின்றது.

ஒடீல் கெஞ்சுவாள், அல்லது கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் என் பென்சிலை எடுத்தாள்.

"விபோர்க் பிழை. அங்கை ரெண்டு தரம் இடது காலிலை இறங்கினனான். நீர் ஒண்டுதான் போட்டிருக்கிறீர்."

தாளின் ஓரத்தில் மெல்லிய கோடு ஒன்று போட்டாள். எனக்கு ஞாபகம் வந்தது. இடைவேளை முடிந்து ஆட்டம் தொடங்கிய பிறகும் நான் அந்தக் குடும்பத்தின் கமராவுக்கு உறை போட்டுக்கொண்டிருந்த நேரமாக இருக்கவேண்டும்.

"ஓலெ இதைப் பாத்தவரோ?"

"இன்னும் இல்லை. திங்கட்கிழமை குடுக்கவேணும்."

"எழுதச் சொல்லி ஆர் கேட்டது?"

"ஒருத்தரும் கேக்கேல்லை."

தலையை ஆட்டினாள். பிறகு, பந்துகள் கிடந்த வலையிலிருந்து ஒன்றை எடுத்து மேசைக்கு மேலால் என்னிடம் எறிந்தாள். "நீர் முந்தி விளையாடினனீர் எண்டு ஓலெ சொன்னவர். எறியும்."

கம்பளிச் சட்டையோடும் சாதாரணச் சப்பாத்தோடும் போனேன். வளையத்தின் முன்னால் பாதங்களைச் சேர்த்து வைத்து நின்றேன். பந்தைத் தலைக்கு மேலே வலது விரல்களில் ஏந்தினேன். முழங்காலை மடித்து, நிமிர்ந்து, விட்டேன். பந்து உயரப் போய், பலகையைத் தொடாமல், கம்பியைத் தொடாமல், வலைக்குள் விழுந்தது.

"பலகையிலை படவே இல்லை," என்றாள்.

"எங்கட விளையாட்டிலை பலகை இல்லை. வெறும் வளையம்தான்."

"இன்னொருக்கா."

பத்துத் தடவை எறிந்தேன். ஒன்பது விழுந்தது. ஏழாவதுக்குப் பிறகு அவள் பந்தைப் பார்க்கவில்லை. அவளுடைய கண் என் முழங்கால்களில் இருந்தது. அவை மடிவதையும் நிமிர்வதையும், சத்தமில்லாமல் மறுபடி மடிவதையும் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பார்வையை எனக்குத் தெரியும். ஐந்து மாதங்களாக மேசையிலிருந்து நான் பார்த்த பார்வை அதுதான்.

"எத்தினை வயது?" என்று கேட்டாள்.

"இருபத்திமூண்டு."

"ம்," என்றாள். வலது காலில் பாரத்தை வைத்துத் திரும்பி, உடை மாற்றும் அறைக்குப் போனாள்.

சுரண்டிய தாள்

டிரேசிங் பேப்பரில் மையால் எழுதியதை அழிப்பான் அழிக்காது. சவர அலகால் மெல்லச் சுரண்டவேண்டும். அலகைப் படுக்கையாகப் பிடித்து, ஒரே திசையில். கொஞ்சம் அழுத்தினாலும் ஓட்டை விழும். ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து மத்தியானம் வரை அண்ணையின் அலகு ஒன்றோடு இருந்து எட்டாவது நிரலைச் சுரண்டினேன். அண்ணி இரண்டு முறை எட்டிப் பார்த்து, தேத்தண்ணி வைத்துவிட்டுப் போனா.

நல்ல மனத்தால் செய்தேன் என்று வாசகர்கள் நினைத்துவிட வேண்டாம். டென்மார்க்குக்கு வந்த பிறகு என்னைப் பார்த்து ஒருவர் பொறாமைப்பட்டது அதுதான் முதல் தடவை. அந்த மகிழ்ச்சியில் சுரண்டினேன். பணக்காரி ஒருத்தி பழைய சட்டையைத் தூக்கிக் கொடுப்பதைப்போல.

திங்கட்கிழமை பின்னேரம், கூட்டத்துக்கு முன்னால், மண்டபத்தில் ஓலெயிடம் தாளைக் கொடுத்தேன். அவர் அதை யன்னல் வெளிச்சத்துக்குப் பிடித்தார். சுரண்டிய இடம் வலது ஓரத்தில் ஒரு புகைப்பட்டைபோல மங்கலாகத் தெரிந்தது.

"இதிலை என்ன இருந்தது?"

"பிழையா எழுதிப்போட்டன். எடுத்திட்டன்."

ஓலெ தாளைச் சுருட்டினார். "இது இப்ப தேவைப்படாது. காலமை நான் வேலைக்கு வெளிக்கிட முதல் ஒடீல் வீட்டை வந்தவ. இந்தப் பருவத்தோடை விளையாட்டை நிப்பாட்டிறாவாம். முழங்கால் சரிவராதாம்."

நான் அவருடைய கையிலிருந்த சுருளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நீர் கார்த்திகையிலையே கண்டுபிடிச்சிட்டீராமே. மற்ற ஆக்கள் சொல்ல முதல் தானே சொல்லிப்போட்டுப் போகவேணும் எண்டு சொன்னவ." அவர் கொஞ்சம் யோசித்தார். "சனிக்கிழமை கடைசி ஆட்டம். கேக் ஒண்டு சொல்லவேணும்."

அரை நாள் சுரண்டியது அந்தச் சுருளுக்குள் கிடந்தது. நான் அவளைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை, காப்பாற்றவும் இல்லை. அவளே வந்து, அவளே சொல்லி, அவளே முடித்துவிட்டாள்.

கடைசி வரி

கடைசி ஆட்டத்துக்கு மண்டபம் நிறைந்திருந்தது. பேக்கரிக்காரியும் வந்திருந்தாள். அண்ணையும் அண்ணியும் வந்து மேலே ஓர் ஓரத்தில் இருந்தார்கள். நான் எழுத வேண்டிய ஏழு நிரல்களைக் கீறினேன். பிறகு, பழக்கத்தில், எட்டாவதையும் கீறினேன்.

முதல் பாதியில் அந்த எட்டாவதில் வலது காலின் புள்ளிகள் மட்டும். இரண்டாம் பாதியிலும் அப்படியே. அவள் நொண்டவில்லை. தெரியாத ஒருவருக்கு ஒன்றும் தெரிந்திருக்காது.

ஆட்டம் முடிய ஒரு நிமிடத்துக்கும் குறைவாக இருந்தது. எங்கள் அணி வெல்வது உறுதியாகிவிட்டது. ஒடீலுக்குப் பந்து கிடைத்தது மேசைக்கு நேர் எதிரே. சும்மா நின்று நேரத்தைக் கடத்தியிருக்கலாம். அவள் இரண்டு எட்டு ஓடி, எம்பி, எறிந்தாள். பந்து எங்கே போனது என்று நான் பார்க்கவில்லை, சத்தத்தில் விளங்கியது. நான் பார்த்தது இறங்குவதை. வலது காலை அவள் காற்றிலேயே மடித்து வைத்துக்கொண்டாள். முழுப் பாரத்தையும் இடது காலில் இறக்கினாள். பலகைத் தரை அதிர்ந்து என் பேனை உருண்டது. அவளுடைய வாய் ஒரு பக்கம் இழுத்தது. சத்தம் வரவில்லை.

எல்லோரும் கை தட்டினார்கள். அவள் நிமிர்ந்து நின்று, கூட்டத்தைப் பார்க்காமல், மேசையைப் பார்த்தாள். எழுதினாயா என்று கேட்கிற பார்வை.

உருண்ட பேனையைப் பிடித்து, எட்டாவது நிரலில் இடது காலுக்கு ஒரு கோடு போட்டு, தாளை அவள் பக்கமாகத் திருப்பிக் காட்டினேன்.

அந்தத் தாள் இன்றும் என் சான்றிதழ்களோடு ஒரே கோப்பில் இருக்கிறது. அன்றைக்கு எல்லோரும் கேக் சாப்பிடப் போன பிறகும், மை காயும்வரை அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டு மேசையிலேயே இருந்தேன். இத்தனை பருவங்களை எந்தக் காலில் முடிப்பது என்று ஒருத்தியால் தீர்மானிக்க முடிந்திருக்கிறது. என் பம்பு மூடி இன்னும் குண்டூசியோடு எங்கேயோ கிடக்கிறது. அண்ணி கீழே இறங்கி வந்து, ஒரு துண்டுக் கேக்கை என் முன்னால் வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்த்தா.

"இன்னும் முடியேல்லையோ உனக்கு?" என்றா.

இல்லை என்றேன்.